கை ஊன்றாமல் எழுவது

வாத்து மேய்க்கிறவர்களுக்குக் காலையில் முதல் வேலை குந்துவது. பட்டியின் வலையைத் திறப்பதற்கு முன் உள்ளே நுழைந்து, குந்தியபடியே நகர்ந்து முட்டை பொறுக்க வேண்டும். வாத்து கூடு கட்டி முட்டை வைக்காது. நின்ற இடத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். சேற்றிலும் வைக்கோலிலும் இன்னொரு வாத்தின் காலடியிலும் கிடக்கும். நின்றபடி குனிந்து பொறுக்கினால் வாத்து மிரளும். மிரண்டால் முட்டையை மிதிக்கும். ஆகவே குந்துவது, நாலைந்து முட்டை எடுப்பது, எழுவது, ஓரெட்டு வைப்பது, மறுபடியும் குந்துவது. இதை நான் ஒரு வேலையாக நினைத்ததே இல்லை, முடியாமல் போகும்வரை.

நாலு வருஷத்துக்கு முன் காவாந்தண்டலம் பக்கம் அறுத்த கழனியில் பட்டி போட்டிருந்தோம். குந்தினேன், எழ முடியவில்லை. வலி கிடையாது. மரத்துப் போகவும் இல்லை. எழு என்று சொன்னால் தொடை கேட்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு கூடையை ஓரமாக வைத்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, ஏணியில் ஏறுகிற மாதிரி என் மேலேயே ஏறி நின்றேன். என் வீட்டுக்காரர் வலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயசாவுதுமே," என்றார். "எனுக்கே இடுப்பு புடிச்சிக்கினு கீது."

"உன் இடுப்பு கல்யாணத்தன்னிக்கே புடிச்சிக்கினுதான் இருந்துது," என்றேன். அன்றைக்கு அதோடு விட்டோம்.

நான் ஏழாவது வரைக்கும் படித்தவள். அதற்கு மேல் ஒரே பெஞ்சில் உட்கார என்னால் முடியவில்லை. செங்கல் சூளை, கரும்பு வெட்டு, பூ எடுப்பது என்று கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தவள், வாத்துக்காரரைக் கட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் அந்தத் தொழில் ஓர் இடத்தில் நிற்காது என்பது. அறுப்பு எங்கேயோ அங்கே நாங்கள். உத்திரமேரூரைச் சுற்றித் தையில் அறுப்பு முடிந்தால், வாத்துகளை லாரியில் இரண்டு தட்டாக ஏற்றிப் பங்குனியில் நெல்லூர்ப் பக்கம். அப்புறம் ஆரணி. அப்புறம் தஞ்சாவூர். உதிர்ந்த நெல்லும் நத்தையும் தீரும்வரை ஒரு கழனி, தீர்ந்தால் அடுத்தது. ஊரில் ஒரு வீடு உண்டு. அதில் தங்கினதைவிட அதைப் பூட்டினதுதான் அதிகம். வீட்டுக்காரருக்கு வீடு பிடிக்கும். எனக்கு லாரியின் முன்சீட்டு பிடிக்கும்.

அந்த வருஷம் கோடைக்குள் என்னால் கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. பஸ் படி ஏற முடியவில்லை. தண்ணீர் குடித்தால் மூக்கில் வந்தது. உத்திரமேரூரில் பார்த்த டாக்டர் ஊசி எதுவும் போடாமல், இது வேறு ஏதோ என்று சீட்டு எழுதி மெட்ராஸுக்கு அனுப்பினார். அங்கே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் என் தொடையிலிருந்து மொச்சைக் கொட்டை அளவு சதையை எடுத்துச் சோதித்தார்கள். மூட்டுக்கும் தசைக்கும் பார்க்கிற டாக்டரம்மா, வயதில் என்னைவிடச் சின்னவர், முடிவைச் சொன்னார்.

"உடம்புக்குள்ள நோய்க்கிருமி வந்தா அடிக்கறதுக்குன்னு காவல்காரங்க இருக்காங்க. உங்க உடம்புல அந்தக் காவல்காரங்களே உங்க சதையை அடிச்சுத் தின்னுட்டிருக்காங்க."

வீட்டுக்காரர் உடனே சொன்னார். "காவலுக்கு வெச்ச நாயி வாத்தையே புடிச்சித் துன்ற மாதிரி."

"அதேதான்."

"எங்ககிட்ட அப்பிடி ஒண்ணு இருந்துச்சும்மா. தொரத்தி வுட்டுட்டோம்."

"இதைத் துரத்த முடியாது. கட்டிப் போடத்தான் முடியும்," என்றார் டாக்டரம்மா.

கட்டிப் போட முதலில் ஸ்டீராய்டு. முகம் பூசணி மாதிரி ஊதியது. அதோடு கொடுத்த முதல் மாத்திரை கல்லீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு டாக்ரோலிமஸ் என்று ஒன்று, காலையும் மாலையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில். பெயர் வாயில் நுழையாது. அட்டையைப் பார்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த மாத்திரைதான் எனக்குக் கால்களைத் திருப்பிக் கொடுத்தது. ஏழெட்டு மாதத்தில் கொண்டை போட்டேன். ஒரு வருஷத்தில் ஒரு கையை மட்டும் முழங்காலில் ஊன்றிக் குந்தி எழுந்தேன். மறுபடியும் லாரியில் ஏறினேன். ஒரே தொந்தரவு, கை நடுங்கும். அது அந்த மாத்திரையின் குணம் என்றார்கள். முட்டையைக் கூடையில் வைக்கும்போது இன்னொரு முட்டையோடு மோதி டக்டக்கென்று சத்தம் வரும்.

"இன்னாமே, தாளம் போடுற?" என்பார் வீட்டுக்காரர்.

"நீ பாட்டு எடு."

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மூன்று வருஷம் இப்படிச் சந்தோஷமாகத்தான் போனது. எங்கே சுற்றினாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெட்ராஸ் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவேன். போன தையில் போனபோது டாக்டரம்மா என் பழைய பேப்பர்களை எல்லாம் மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

"கிரியாட்டினின் ஏறிட்டு வருது," என்றார்.

வீட்டுக்காரருக்கு எண் படிக்கத் தெரியும். காலையில் கொடுத்த ரத்தத்தின் பேப்பரை மத்தியானம் வாங்கினதுமே பார்த்திருந்தார். "ஒண்ணுன்னு போட்டுக்கீதும்மா. பக்கத்துலயே போட்டுக்கீதே, ஒண்ணு புள்ளி ஒண்ணு வரைக்கும் நார்மல்னு. மருந்துக் கடையிலகூட காட்டினேன், ஒண்ணியும் இல்லன்னான்."

"எனக்கு ஒண்ணுன்னா நார்மல். இவங்களுக்கு இல்ல." டாக்டரம்மா என் தொடையைப் புடவையோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். ஒரு கைக்குள் அடங்கியது. "இது சதையிலேருந்து வர கசடு. கிட்னி அதை வெளிய தள்ளும். இவங்ககிட்ட சதையே பாதிதான் இருக்கு. கசடும் பாதிதான் இருக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி அரைதான் இருந்துது. இப்ப ரெட்டிப்பு."

வீட்டுக்காரர் விளங்காமல் நின்றார். எனக்கு விளங்கிவிட்டது. சின்னப் பட்டி, வாத்து கொஞ்சம்தான். ஆனால் பெரிய பட்டி அளவுக்கு எச்சம் தேங்கிக் கிடக்கிறது என்றால், வாத்தைக் குறை சொல்ல முடியாது. வடிகிற வாய்க்காலில்தான் அடைப்பு. அதை அவருக்குச் சொன்னேன். டாக்டரம்மா, நான் சொன்னதையே இனிமேல் மற்றவர்களுக்கும் சொல்வதாகச் சொன்னார்.

"இந்த மாத்திரை கிட்னியைக் கொஞ்சம் கொஞ்சமா கெடுக்கும். மாத்த வேண்டியிருக்கலாம். ரத்தத்துல மருந்து அளவும் அதிகமா இருக்கு. ஆமா, இன்னிக்குக் காலையில மாத்திரை எப்ப போட்டீங்க?"

"பஸ்ஸு ஏறச்சொல்லவே போட்டுட்டேன். ரத்தம் எடுக்கறாங்களேன்னு மறக்காம போட்டேன்."

"மறக்காமலா?"

"ரத்தத்துல மருந்து தெரியணும் இல்லம்மா. போடாம வந்தா, இவ மாத்திரையே துன்றதில்லன்னு நெனைச்சிக்குவீங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "ஒவ்வொரு தடவையும் இப்படியா?"

"ஒருநாளும் தப்புனதில்ல."

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வாத்து வாங்க வருகிறவர்கள் முதலில் கழுத்துக்குக் கீழே தடவிப் பார்ப்பார்கள். இரைப்பை காலியாக இருந்தால், இவர்கள் தீனி போடுகிறவர்கள் இல்லை என்று முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் ஆள் வருகிற அன்றைக்கு ஒரு பிடி நெல் கூடப் போட்டு, இரைப்பை நிறைந்த வாத்தாகத்தான் காட்டுவோம். நான் ரத்தத்தையும் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தேன். காட்டக் கூடாதாம். முந்தின நாள் மாலை போட்டது எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் ரத்தம் எடுக்கிறார்களாம். காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டுமாம். ரத்தம் எடுக்கிற அறைச் சுவரில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மூன்று வருஷமாக அதன் அடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாருக்கோ எழுதினது என்று நினைத்திருந்தேன்.

"சரி, எதுல போட்டீங்க? பாலா, தண்ணியா?"

"எச்சில்லயே முழுங்கிட்டேன். ரத்தம் எடுக்கற நாள்ல பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாதே."

"யார் சொன்னா?"

யார் சொன்னார்கள் என்று எனக்கும் நினைவில்லை. எப்போதோ சர்க்கரை சோதனைக்கு வெறும் வயிறு என்று சொன்னதை நான் தண்ணீருக்கும் சேர்த்துக்கொண்டேன் போலிருக்கிறது. உத்திரமேரூரில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் ரயில் ஏறி, ரத்தம் கொடுத்து முடிக்கிறவரை ஒரு சொட்டு இல்லை. டாக்டரம்மா சிரித்துவிட்டார். வீட்டுக்காரரும் சிரித்தார். தண்ணீர் குடிக்காமல் வந்தாலும் கசடு எண் ஏறும், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, நம்பிக்கை வந்தது. தப்பு என் மேல்தான் என்றால் மாத்திரை மேல் இல்லை. இரண்டு வாரம் கழித்துச் சரியாக வந்து காட்டினால், எண் இறங்கிவிடும். மாத்திரையை மாற்ற வேண்டியிருக்காது. பங்குனியில் நெல்லூர் லாரியில் ஏறிவிடலாம். மாற்றுவது என்ற சொல்லுக்குத்தான் நான் பயந்தேன். பழைய மாத்திரையை எடுத்துவிட்டுப் புதிது வேலை செய்யாமல் போனால், பட்டி நடுவில் எழ முடியாமல் கிடந்தேனே, அந்த இடத்துக்கே திரும்பப் போக வேண்டியதுதான். அப்புறம் ஆயுசுக்கும் பூட்டாத வீடுதான்.

இரண்டு வாரம் பானை பானையாகத் தண்ணீர் குடித்தேன். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, தண்ணீர் பாட்டிலோடு போய் ரத்தம் கொடுத்தேன். மருந்து அளவு சரியாக இருந்தது. கிரியாட்டினின் பூஜ்யம் புள்ளி ஒன்பது.

"இறங்கினது நீங்க குடிச்ச தண்ணி," என்றார் டாக்டரம்மா. "மருந்து அளவு சரியா இருந்தும் மீதி அப்படியே இருக்கு. மாத்திரையைத்தான் மாத்தணும்."

"இந்த மாத்திரைதாம்மா எனுக்குக் காலு குடுத்துது. கிட்னி ஒண்ணு போனா போவட்டும். ரெண்டு கீது இல்ல?"

"ஒண்ணு ஒண்ணா போகாது. ரெண்டும் சேர்ந்துதான் போகும். அப்புறம் வாரத்துக்கு மூணு நாள் மிஷின்ல படுக்கணும். அந்த மிஷினை வாத்து லாரியில ஏத்திட்டுப் போக முடியாது."

மிஷின் இருக்கிற ஊரிலேயே கிடக்க வேண்டும் என்பதை அவர் எனக்கு ஏற்ற மாதிரி சொல்லிவிட்டார்.

புதிய மாத்திரை மைக்கோபெனோலேட். முதலில் கொஞ்சமாக ஆரம்பித்து ஏற்றுவார்கள், பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம். நெல்லூர் கிடையாது. வீட்டுக்காரரை மட்டும் லாரியோடு போகச் சொன்னேன்.

"நீ இல்லாம லாரிக்காரன்கிட்ட யாரு சண்ட போடறது?" என்று அவர் நின்றுகொண்டார். "ஏரித் தண்ணில நவரை நெல்லு போட்டுக்கீறாங்க. இங்கயே அறுப்பு வரும். வாத்துக்கு நெல்லூரு நெல்லா, உத்திரமேரூரு நெல்லான்னு தெரியவா போவுது?"

அவருக்கு வீட்டில் இருக்க ஒரு சாக்கு கிடைத்தது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நல்லதாகத்தான் இருந்தது. பங்குனியில் ஏரிக்குக் கீழே கழனிகள் அறுக்க ஆரம்பித்தார்கள். வாத்துகளை ஓட்டிக்கொண்டு வரப்பு வரப்பாகப் போனோம். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் ராத்திரி படுத்தோம். கூரை எங்கே ஒழுகும் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கோடை மழையில் தெரிந்துகொண்டேன்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். காவல் நாயைக் கட்டிப் போட்டிருப்பதால் கிருமி சுலபமாக நுழையும், வாத்துச் சேற்றில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. வீட்டுக்காரர் காஞ்சிபுரம் போய் முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்தார். பளிச்சென்ற மஞ்சள். அதைப் போட்டுக்கொண்டு நான் பட்டிக்குள் கால் வைத்ததும் மொத்த வாத்தும் வலையை முட்டிச் சாய்த்துக்கொண்டு அடுத்தவர் நாற்றங்காலில் போய் இறங்கியது. பழகாத நிறத்தைக் கண்டால் வாத்து அப்படித்தான். வாத்துக்காரர் ஒருவர் போய் மஞ்சள் பூட்ஸ் வாங்கி வந்தாரே என்று ஊரே சிரித்தது. அப்புறம் சேற்றை அள்ளிப் பூசி, நாலு நாள் பட்டி ஓரத்தில் கழியில் மாட்டி வைத்துப் பழக்கினோம்.

புதிய மாத்திரை வயிற்றைப் புரட்டியது. முதல் மூன்று வாரம் வரப்பில் நடந்ததைவிடப் புதருக்கு ஓடினதுதான் அதிகம். அது அடங்கின பிறகு, ஆறாவது வாரம், நான் பயந்தது வந்தது. குந்தினவள் ஒரு கையை ஊன்றி எழுந்தேன், தொடை பாதியில் நின்றுவிட்டது. இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. மறுநாளும் அப்படியே. கொண்டை போடும்போது தோள் கனத்தது. வீட்டுக்காரர் மறுநாள் காலையில் வலைக்குள் வந்து எதிர்மூலையிலிருந்து தானே முட்டை பொறுக்க ஆரம்பித்தார். அவருக்குப் பொறுக்கத் தெரியாது. மூன்றில் ஒன்றை மிதித்தார்.

"நவுந்துக்கோ. பூட்ஸு கம்மியா ஒடைக்கும் உன்னைவிட," என்றேன்.

"வாய்க்கு மட்டும் ஒரு வியாதியும் வர்ல பாரு," என்றார்.

இரண்டு நாள் கழித்து மெட்ராஸ் போனோம். சதை சிதைவதைக் காட்டுகிற எண் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டரம்மா பயப்படவில்லை. பழையதை இறக்கின வேகத்துக்குப் புதியது இன்னும் ஈடு கொடுக்கவில்லை என்றார். ஸ்டீராய்டை ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட்டினார், புதிய மாத்திரையின் அளவையும் ஏற்றினார். கிட்னி எண்ணைக் காட்டினார். பூஜ்யம் புள்ளி ஏழு.

"இது இறங்கிட்டுது. கால் வரணும். பொறுங்க."

பொறுப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் அந்த ஒரு மாதம் வேறு வேலையும் இல்லை. காலையில் பொறுக்குவது, வெயில் ஏறும்வரை மேய்ப்பது, மத்தியானம் ஏரிக்கரை மரத்தடியில் வாத்துகள் தலையை முதுகில் செருகித் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஒரே ஏரியைச் சேர்ந்தாற்போல அறுபது நாள் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தண்ணீர் தினமும் ஒரு விரல் பின்வாங்கியது. அந்த ஈரத்தில் நத்தை கிடைத்தது. வாத்துகள் கொழுத்தன. போகிற வருகிற லாரியை எல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

சித்திரை கடைசியில் ஒரு காலை. பட்டிக்குள் குந்தியிருந்தேன். வழக்கத்தைவிட நிறைய முட்டை. கூடை நிறைந்துவிட்டது. இன்னும் நாலு கிடந்ததை இந்தக் கையில் இரண்டு, அந்தக் கையில் இரண்டாக எடுத்துக்கொண்டு எழுந்து போய், வாசலில் இருந்த இன்னொரு கூடையில் வைத்தேன்.

வீட்டுக்காரர் வலைக் கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா?"

"சத்தமே வர்ல."

"எதுல?"

"முட்டைய வெச்ச. டக்குடக்குன்னு சத்தமே வர்ல."

கையைப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. எந்த நாளிலிருந்து நின்றுபோனது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் மற்றதையும் கவனித்தார்.

"அது சரி, நீ எப்பிடி எழுந்த?"

"எப்பிடின்னா? எழுந்தேன்."

"ரெண்டு கையிலயும் முட்டை இருந்துச்சேமே. கைய எங்க ஊனுன?"

யோசித்துப் பார்த்தேன். ஊன்றவில்லை. நாலு வருஷமாக ஊன்றிக்கொண்டிருந்த கையில் முட்டை இருந்தது, அதனால் ஊன்ற மறந்துவிட்டேன். தொடை தானாகத் தூக்கியிருக்கிறது.

"மறுக்கா ஒருவாட்டி குந்தி எழுந்து காட்டு," என்றார்.

"உனுக்கு வேடிக்க காட்டவா? வாத்து கத்துது, வலைய அவுரு."

அவர் அவிழ்த்தார். வாத்துகள் மஞ்சள் பூட்ஸை உரசிக்கொண்டு வரிசையாக வெளியே போயின. அவர் கழியை எடுத்துக்கொண்டு முன்னால் போனதும், யாரும் பார்க்காதபோது, காலி வலைக்குள் இரண்டு தடவை குந்தி எழுந்து பார்த்தேன். இரண்டாவது தடவை கொஞ்சம் ஆடியது. ஆனாலும் எழுந்தேன்.

வைகாசியில் ஆரணிப் பக்கம் அறுப்பு என்று லாரிக்காரர் ஏற்கெனவே இரண்டு தடவை போன் செய்திருந்தார். அங்கிருந்து மெட்ராஸுக்கு ஒரே பஸ். மாத்திரையை முடிந்துகொண்டு, தண்ணீர் பாட்டிலோடு, ரத்தம் கொடுக்கப் போய் வந்துவிடலாம். மத்தியானம் ஏரிக்கரையில் நானே லாரிக்காரருக்குப் போன் செய்தேன். லாரி எப்போது வரும் என்று கேட்டேன். முன்சீட்டை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்றும் சொன்னேன்.